சபர் சாமானும் வீ ரிமோட்டின் மறுவாழ்வும்

காவிரிப் படுகையின் கீழ்க்கோடியில், வெட்டாறு கடலைச் சேரும் இடத்தில் அமைந்த நாகூர், சுற்றிலும் நெல் விளையும் நாடு பரந்திருந்தும் வயலைவிடக் கடலையே நம்பி வளர்ந்த ஊராகும். இங்கிருந்தும் அருகிலுள்ள நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களுக்குச் சென்ற தமிழ் முஸ்லிம் வணிகர்கள், தங்கள் ஊரில் அடங்கியுள்ள சூஃபி ஞானி சாகுல் ஹமீது நாயகத்தின் நினைவைச் சென்ற இடங்களுக்கும் கொண்டுசென்றனர். பினாங்கின் சூலியா தெருவில் ஒரு நாகூர் தர்கா எழுந்ததும், சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையில் மற்றொன்று கட்டப்பட்டதும் அந்தப் போக்குவரத்தின் தடயங்களே. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் ரஜூலா கப்பல் 1926இல் கட்டப்பட்டு ஏறக்குறைய அரை நூற்றாண்டு சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. அதற்குப் பின் வந்த எம். வி. சிதம்பரம் கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு மலேயாக் கரைக்கான பயணிகள் கப்பல் காலம் முடிவுக்கு வந்தது. அதற்குள் வளைகுடா நாடுகளுக்கு விமானம் ஏறும் வழக்கம் வேரூன்றிவிட்டதால், சபர் போவது என்று இவ்வூரார் சொல்லும் வெளிநாட்டுப் பிழைப்பு நிற்கவில்லை. திசை மட்டுமே மாறியது.

சபர் முடித்துத் திரும்புவோரின் பெட்டியில் வந்த பொருள்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் துணி, அத்தர், பீங்கான் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றனர். மின்னணுப் பொருள்களின் வரிசையும் அதே அளவு கவனத்துக்குரியது. முதலில் வானொலி வந்தது. அதை வைத்திருக்க இந்தியத் தந்திச் சட்டத்தின்படி உரிமம் பெற்று அஞ்சலகத்தில் ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டியிருந்த காலம் அது. பின்னர் டேப் ரிக்கார்டரும், வி.சி.ஆரும், தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் விளையாட்டுப் பொறிகளும் வந்தன. இவை கடல் கடந்து வந்தும் இங்கே தடையின்றி ஓடியதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. இந்தியா 1982இல் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்த பி.ஏ.எல். முறையையே சிங்கப்பூர், மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாடுகளும் பின்பற்றின. மின்னழுத்தமும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே சிங்கப்பூர்க் கடையில் வாங்கிய பொறிக்கு நாகூர் வீட்டில் தேவைப்பட்டதெல்லாம், தட்டையான மூன்று முனைச் செருகியை உருண்டை முனை கொள்ளும் நம் பிளக் பாயிண்டில் பொருத்த ஓர் அடாப்டர் மட்டுமே. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென 100 வோல்ட் மின்சாரத்துக்கும் என்.டி.எஸ்.சி. ஒளிபரப்பு முறைக்கும் செய்யப்பட்ட பொறிகளுக்கு இந்த வாய்ப்பு இல்லை.

இந்தியாவில் பொதுவாக 'டிவி கேம்' என்று அறியப்பட்டவற்றில் பெரும்பாலானவை ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் வெளியிட்ட ஃபேமிலி கம்ப்யூட்டர் என்ற பொறியின் நகல்கள். தைவானிலும் சீனாவிலும் உருவான இந்நகல்கள் அசலுக்குரிய கேசட்டுகளை ஏற்கும். கைப்பிடிகள் பொறியோடு கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கும். சிலவற்றோடு பறவைகளைச் சுடும் ஒரு துப்பாக்கியும் வரும். அந்தத் துப்பாக்கி எதையும் வெளியே அனுப்புவதில்லை. விசையை அழுத்திய கணத்தில் திரை கறுத்து, இலக்கு இருக்கும் இடம் மட்டும் வெள்ளையாக ஒளிர, அந்த ஒளியைத் துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கும் ஒளியுணரி கண்டுகொண்டால் குறி தப்பவில்லை என்று பொருள். கையை நீட்டித் திரையைக் குறிவைக்கும் ஆட்டம் அந்தக் கண்ணாடிக் குழாய்த் தொலைக்காட்சியிலேயே தொடங்கிவிட்டது என்பதை இங்கே குறித்துக்கொள்வது தகும், ஏனெனில் பின்னால் வந்த அசைவறி கைக்கருவிகள் திடீரென வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. 1989இல் வந்த பவர் க்ளவ் என்ற கையுறை மீயொலியால் கையின் இடத்தை அளக்க முயன்று பெரிதும் தோற்றது. 2002இல் வந்த வேவ்பேர்ட் கைப்பிடி வானொலி அலையால் கம்பியை ஒழித்தது, ஆனால் அசைவை அறியாது.

இரண்டையும் ஒன்றாக்கியது வீ ரிமோட். நிண்டெண்டோவின் அன்றைய தலைவர் சடோரு இவாட்டா 2005 செப்டம்பரில் டோக்கியோ கேம் ஷோ கண்காட்சியில் அதை அறிமுகப்படுத்தினார். வீ என்ற பொறி 2006 நவம்பர் 19 அன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து, மொத்தம் 10 கோடிக்கும் மேல் விற்றது. தொலைக்காட்சி ரிமோட் போன்ற நீளமான அந்த வெள்ளைக் கருவிக்குள் மூன்று உறுப்புகள் முதன்மையானவை. ஒன்று, ஏடிஎக்ஸ்எல்330 என்ற முடுக்கமானி. அதாவது வீச்சு, இழுப்பு, புவியீர்ப்பு ஆகியவற்றை மூன்று அச்சுகளில் அளக்கும் சில்லு. இரண்டு, முன்முனையில் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அகச்சிவப்புப் படக்கருவி. இது படத்தை அனுப்புவதில்லை, தன் பார்வையில் படும் ஒளிப்புள்ளிகளில் நான்கு வரை கண்டு அவற்றின் ஆயங்களை மட்டும் அனுப்பும். மூன்று, பிராட்காம் நிறுவனத்தின் புளூடூத் சில்லு. செல்பேசிகளில் பாட்டு அனுப்பப் பயன்பட்ட அதே குறுந்தூர வானொலி முறை. தனக்கென்று தனி அலைவரிசை முறையைப் படைத்துக்கொள்ளாமல், உலகெங்கும் கணினிகளில் ஏற்கெனவே இருந்த ஒரு பொதுமுறையை நிண்டெண்டோ எடுத்துக்கொண்டதே பின்னாளில் நடந்த அனைத்துக்கும் வித்து. வேவ்பேர்டைக் கணினியில் இணைக்க அதற்குரிய ஏற்பியும் வேண்டும். வீ ரிமோட்டுக்குக் கடையில் கிடைக்கும் ஒரு புளூடூத் டாங்கிள் போதுமானதாக இருந்தது.

ஆனால் அலைவரிசை பொது என்பதால் பேச்சும் பொது ஆகிவிடாது. விசைப்பலகை, மவுஸ் போன்றவை கணினியோடு பேசும் முறையில்தான் வீ ரிமோட்டும் பேசியது என்றாலும், எந்தப் பைட்டில் எந்தப் பொத்தான், எந்தப் பைட்டில் எந்த அச்சின் முடுக்கம் என்பதை நிண்டெண்டோ வெளியிடவில்லை. விற்பனை தொடங்கிய சில வாரங்களிலேயே பல நாடுகளைச் சேர்ந்த ஆர்வலர்கள் ஊதியமின்றி இந்த மொழியைப் பிரித்துப் படித்து எழுதிவைத்தனர். வீபிரூ என்ற கூட்டுத்தொகுப்பில் அந்தக் குறிப்புகள் இன்றும் பயன்படுகின்றன. ரிமோட்டின் அடியில் செருகும் நன்சக் என்ற இடக்கைக் கருவி தன் தகவலை மறைகுறியாக்கி அனுப்பியது. குறிப்பிட்ட இரண்டு நினைவிடங்களில் இரண்டு எண்களை எழுதினால் அந்த மறைப்பு அகன்றுவிடும் என்பதையும் அவர்களே கண்டறிந்தனர். கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஜானி லீ, 2007இலும் 2008இலும் வீ ரிமோட்டைக் கையில் பிடிக்காமல் ஓரிடத்தில் நிறுத்தி, அகச்சிவப்பு விளக்கு பொருத்திய பேனாவை அதற்குக் காட்டி, சாதாரணச் சுவரைக் கணினித் தொடுபலகையாக மாற்றிக் காட்டியபோது, விலை உயர்ந்த கற்பித்தல் கருவிகளை வாங்க இயலாத பள்ளிகளுக்கு அது உண்மையான நன்மையாயிற்று. விளையாட்டுக்கென்று செய்த ஒரு பொருளின் பயன், அதைச் செய்தவரின் கணக்கை மீறிச் சென்றதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

வீ ரிமோட்டைக் கணினியில் விளையாட்டுக்கே பயன்படுத்த எமுலேட்டர் தேவை. எமுலேட்டர் என்பது ஒரு பொறியின் செயலை மற்றொரு பொறியில் மென்பொருளால் அப்படியே நடத்திக் காட்டும் ஏற்பாடு. 1960களில் ஐ.பி.எம். தன் சிஸ்டம்/360 கணினிகளில் பழைய 1401 கணினிக்கு எழுதிய நிரல்களை ஓட்ட இதைக் கையாண்டது. வாடிக்கையாளர் பழைய நிரல்களைத் தூக்கி எறிய நேரக்கூடாது என்ற வணிகத் தேவையே அதற்குக் காரணம். விளையாட்டுப் பொறிகளுக்கான எமுலேட்டர்கள் 1990களின் பிற்பகுதியில் பரவின. 1997இல் வந்த நெஸ்டிக்கிள், டிவி கேம்களின் மூலமான அந்த 1983ஆம் ஆண்டுப் பொறியையே கணினியில் ஓட்டியது. சோனி நிறுவனம் கனெக்டிக்ஸ் என்ற எமுலேட்டர் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், பொறியின் உள்மென்பொருளை ஆராய்ந்து இணக்கமான மாற்றுப் பொருள் செய்வது முறையான பயன்பாடே என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டமும் 1999இல் செய்த திருத்தத்தால், ஒரு நிரலைச் சட்டப்படி வைத்திருப்பவர் தன் சொந்த நிரலை அதனோடு இணங்கி இயங்கச் செய்யத் தேவையான தகவலைப் பெறும் செயலைக் குற்றமற்றதாக்கியது. எனவே எமுலேட்டரை எழுதுவதும், கைக்கருவியின் மொழியை அறிவதும் ஒரு வகை. பிறர் விளையாட்டை விலையின்றி நகலெடுப்பது வேறு வகை. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பி எமுலேட்டர் என்றாலே திருட்டு என்று பேசுவது தவறு.

வீ பொறிக்கான எமுலேட்டர் டால்ஃபின். 2003 செப்டம்பரில் நிண்டெண்டோவின் முந்தைய பொறியான கேம்கியூபுக்காக வெளிவந்த இது, 2008 ஜூலையில் மூலநிரல் திறக்கப்பட்டு யாரும் திருத்தத்தக்க மென்பொருளாயிற்று. வீயின் உள்ளமைப்பு கேம்கியூபிலிருந்தே வளர்ந்ததால், பழைய பொறியை ஓட்டிய எமுலேட்டரால் புதிய பொறியையும் எட்ட முடிந்தது. எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது கைக்கருவிதான். வீயில் புளூடூத் பேச்சை நடத்துவது பொறியின் பொது மென்பொருள் மட்டுமன்று. ஒவ்வொரு விளையாட்டுத் தட்டிலும் அதற்கான நிரல் பகுதி சேர்ந்தே வருகிறது. விளையாட்டு நேராக ஒரு புளூடூத் சில்லைத் தேடும். அங்கே சில்லு இல்லை, கணினி இருக்கிறது. ஆகவே டால்ஃபின் இல்லாத ஒரு சில்லாக நடித்து, ரிமோட் ஏற்கெனவே இணைந்திருப்பதாக விளையாட்டை நம்பவைத்து, மறுபுறம் கணினியின் உண்மையான டாங்கிள் வழியே வந்த தகவலை அந்தப் பொய்ச் சில்லின் மொழிக்கு மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. பொத்தானை அழுத்தும் விரலுக்கும் திரையில் ஓங்கும் மட்டைக்கும் இடையே இத்தனை கைமாற்றங்கள் நொடிக்கு ஏறத்தாழ நூறு முறை நடக்கின்றன.

இணைப்பதற்கான செயல்முறை வெளிப்பார்வைக்கு எளியது. மின்கல மூடியைக் கழற்றினால் உள்ளே சிறிய சிவப்புப் பொத்தான் தெரியும். அதை அழுத்தினாலோ, 1, 2 என்ற இரு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினாலோ ரிமோட்டின் அடிப்பகுதியிலுள்ள நான்கு நீல விளக்குகள் மினுக்கத் தொடங்கும். சுமார் 20 நொடிகளுக்குள் கணினி அதைக் கண்டுகொள்ள வேண்டும். கண்டுகொண்ட பின்னும், எந்த விளக்கை ஏற்றுவது என்ற கட்டளையைக் கணினி அனுப்பும்வரை நான்கும் மினுக்கிக்கொண்டே இருக்கும். இதைக் கோளாறு என்று எண்ணிப் பலர் ரிமோட்டையே குறைசொன்னதுண்டு. உண்மையான தொல்லை கடவுக்குறியில் இருந்தது. நிலையான இணைப்புக்கு விண்டோஸ் ஒரு குறியைக் கேட்கும். வீ ரிமோட் எதிர்பார்ப்பதோ, புளூடூத் முகவரியின் ஆறு பைட்டுகளைத் தலைகீழாக வைத்த வரிசை. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் கணினியின் முகவரி, 1, 2 பொத்தான்களை அழுத்தினால் ரிமோட்டின் முகவரி. அந்தப் பைட்டுகளில் பல விசைப்பலகையில் தட்டவே முடியாதவை. ஆகவே குறியைக் கேட்கும் கட்டத்தை வெறுமையாக விட்டு அடுத்ததுக்குச் செல்வதே அன்றைய வழக்கமாயிற்று. அவ்வாறு பெற்ற இணைப்பு கணினியை அணைத்ததும் மறைந்துவிடும், மறுநாள் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். கட்டற்ற இயங்குதளமான லினக்ஸில் இந்தச் சிக்கல் விரைவில் தீர்ந்தது: 2011இல் வெளிவந்த 3.1 பதிப்பின் கருவகத்திலேயே டேவிட் ஹெர்மன் எழுதிய வீ ரிமோட் இயக்கி சேர்க்கப்பட்டது.

சுழற்சியை அளக்கும் கைரோஸ்கோப்பை 2009இல் மோஷன் பிளஸ் என்ற துணைக்கருவியாகவும், பின்னர் ரிமோட்டுக்குள்ளேயும் நிண்டெண்டோ சேர்த்தது. உள்ளேயே சேர்த்த வகைகளில் ஒன்று தன்னை அறிவிக்கும் பெயரின் இறுதியில் 'டிஆர்' என்ற இரண்டு எழுத்துகளைக் கூட்டிக்கொண்டது. பெயரை எழுத்துப் பிசகாமல் ஒப்பிட்டுத் தேடிய பழைய மென்பொருள்கள் அதனைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆண்ட்ராய்டு செல்பேசிகளில் 2012இன் இறுதியில் வந்த 4.2 பதிப்பு தன் புளூடூத் அடித்தளத்தை மாற்றியபோது, அதுவரை இணைந்த ரிமோட்டுகள் இணையாமல் போயின. இவையெல்லாம் யாரும் திட்டமிட்டுச் செய்த தீங்கல்ல. எழுதப்படாத உடன்பாட்டை நம்பி நிற்கும் இணைப்புகள் எவ்வளவு எளிதில் அறுந்துபோகும் என்பதையே காட்டுகின்றன.

2016இல் டால்ஃபின் ஒரு மாற்றுவழியைத் திறந்தது. நடிப்பை விட்டுவிட்டு, கணினியில் செருகிய டாங்கிளை இயங்குதளத்தின் பிடியிலிருந்து எடுத்து விளையாட்டின் கையிலேயே நேராகக் கொடுத்துவிடும் இம்முறையில், வீ பொறிக்குள் இருந்த சில்லின் இடத்தில் உண்மையான ஒரு சில்லே அமர்கிறது, மொழிபெயர்ப்பு தேவையில்லை. முன்பு திக்கித் திணறிய ரிமோட்டின் சிறு ஒலிபெருக்கியும் இதனால் ஒழுங்காகப் பேசியது. ஆனால் டாங்கிள் அவ்வேலைக்கு மட்டுமே என்று ஒதுக்கப்படுவதால் ஹெட்செட், விசைப்பலகை ஆகியவற்றுக்கு வேறொன்று தேவைப்படும். இந்த உழைப்பை விரும்பாதவர்களுக்காக மேஃப்ளாஷ் நிறுவனம் டால்ஃபின்பார் என்ற பட்டையை விற்றது. புளூடூத்தையும் அகச்சிவப்பு விளக்குகளையும் ஒரே உறையில் அடக்கிய அது, இணைக்கும் வேலையைத் தானே பார்த்துக்கொண்டு கணினிக்கு யு.எஸ்.பி. வழியே செய்தி தருகிறது.

அகச்சிவப்பு விளக்குகள் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் சென்சார் பார் என்ற பெயரால் பலர் ஏமாந்தனர். தொலைக்காட்சிக்கு அடியில் வைக்கும் அந்தப் பட்டை எதையும் உணர்வதில்லை. சுமார் 20 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு கொத்து விளக்குகளை எரியவிடுவது மட்டுமே அதன் வேலை. உணர்வது ரிமோட்டின் படக்கருவி. ஆகவே கணினியின் முன் அமர்ந்து ஆடுபவருக்கு அசல் பட்டை வேண்டியதில்லை; சென்னை ரிச்சி தெருவிலோ எந்த ஊர் ரேடியோ பழுதுபார்ப்புக் கடையிலோ சில ரூபாய்க்குக் கிடைக்கும் அகச்சிவப்பு எல்.இ.டி.க்கள் இரண்டும், அவற்றுக்குரிய மின்தடையும், ஒரு பழைய செல்பேசி சார்ஜரும் போதும். அந்த எல்.இ.டி. எரிகிறதா என்பது வெறுங்கண்ணுக்குத் தெரியாது. செல்பேசியின் படக்கருவி வழியே பார்த்தால் மங்கிய ஊதா நிறத்தில் ஒளிர்வது தெரியும். வீட்டிலுள்ள தொலைக்காட்சி ரிமோட்டின் முனையையும் இப்படியே சோதிக்கலாம். இரண்டு மெழுகுவத்திகளை ஏற்றி வைத்தாலும் ரிமோட் அவற்றைப் பட்டையாகவே ஏற்கும். இதன் மறுபக்கமும் உண்டு: குண்டு பல்பும், ஜன்னல் வழியே விழும் வெயிலும் அகச்சிவப்பை உமிழ்வதால், அவை பார்வைக்குள் இருக்குமானால் திரையின் சுட்டி அலைபாயும்.

வானொலிப் பெட்டிக்குக்கூட உரிமம் கேட்ட நாட்டில் வானொலி அலையை வீசும் கைக்கருவி எவ்வாறு கேள்வியின்றி வீட்டுக்குள் வந்தது என்பதற்கு விடை 2005 ஜனவரியில் இருக்கிறது. 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைக்கற்றையில் இயங்கும் குறைந்த திறன் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று மைய அரசு அம்மாதம் விதி வெளியிட்டது. புளூடூத்தும் வைஃபையும் இயங்குவது இக்கற்றையிலேயே. வீ வெளிவருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவான காலம் முன்னரே இந்த வாயில் திறந்திருந்தது. நிண்டெண்டோ இந்தியாவில் நேரடியாகக் கடை விரிக்கவில்லை; இறக்குமதியாளர் வழியே சிறிதளவும், சென்னையின் பர்மா பஜார் போன்ற இடங்கள் வழியாகவும், வெளிநாட்டிலிருந்து வருவோரின் பெட்டிகளிலுமே அதன் பொருள்கள் இங்கே வந்தன. வீயில் மண்டலப் பூட்டும் இருந்ததால் ஒரு மண்டலத்தின் பொறியில் மற்றொரு மண்டலத்தின் தட்டு ஓடாது. அசல் நிறுவனத்தின் பழுதுபார்ப்பு நிலையம் எட்டாத தூரத்தில் உள்ள ஊர்களில், பொறி செயலிழந்த பின் கைக்கருவி மட்டும் மிஞ்சுவது இயல்பு. எமுலேட்டரோடு அதை இணைக்கும் அறிவு மிகுதியாகத் தேவைப்படுவது டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் அன்று, இத்தகைய ஊர்களிலேயே ஆகும்.

2013க்குப் பின் வந்த பல விளையாட்டுக் கைப்பிடிகளிலும் பல செல்பேசிகளிலும் முடுக்கமானியும் கைரோஸ்கோப்பும் இருப்பதால், டால்ஃபின் இப்போது அவற்றின் அசைவையே வீ ரிமோட்டின் அசைவாக மாற்றி ஏற்கிறது. அசல் கருவி இல்லாமலே ஆட முடியும் என்ற நிலை நல்லதே. எனினும் கையில் அசலைப் பிடித்து வீசும்போது எழும் எடை உணர்வையும், பந்து மட்டையில் பட்டதும் உள்ளங்கையில் ஒலிக்கும் அந்தச் சிறு ஒலிபெருக்கியின் தட்டொலியையும் செல்பேசி தருவதில்லை. அசல் கிடைக்கும்வரை அசலே மேல். ஜப்பான் சந்தைக்கான வீயின் உற்பத்தியை 2013இல் நிறுத்தி, அதன் இணையக் கடையையும் 2019 ஜனவரி 30 அன்று நிண்டெண்டோ மூடிவிட்ட நிலையில், உலகில் இருக்கும் ரிமோட்டுகளே இனிக் கணக்கு.

சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வந்து நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் வீடுகளின் பரணில் அத்தகைய ரிமோட் ஒன்று கிடக்குமானால், அதனுள் விட்டுவைத்த இரண்டு ஏ.ஏ. மின்கலங்களை இன்றே எடுத்துவிட வேண்டும். ஒழுகிய மின்கலமும் கடற்காற்றின் உப்பும் சேர்ந்து உலோகத் தொடுமுனைகளை அரித்துவிடும். அரிப்பு தொடக்க நிலையில் இருந்தால் பஞ்சில் தொட்ட சிறிது வினிகரால் துடைத்து உலர்த்திக் காப்பாற்றலாம், பலகைவரை பரவிவிட்டால் காப்பாற்ற இயலாது. ரிமோட்டைப் பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கு முன், புதிய மின்கலங்களை இட்டு, 1, 2 பொத்தான்களைச் சேர்த்து அழுத்திப் பார்க்கவும்: நீல விளக்குகள் மினுக்கினால் அது இன்னும் இணைக்கத்தக்க நிலையில்தான் இருக்கிறது.